கசிவுச் சோதனை

காலை ஒன்பதரைக்கு
கேன்டீனில் ஒரு பொட்டலம் மீன்கறி வாங்குவேன்.
சாப்பிட அல்ல.
ரசீதை 'மூலப்பொருள்' கோப்பில் சேர்ப்பேன்.
கணக்குப் பிரிவு ஜியா ஹுய்
முதல் மாதம் இரண்டு தடவை போன் செய்தாள்,
மூலப்பொருளில் எலும்பு உண்டா என்று.
இப்போது கேட்பதில்லை.

துவாஸில் எங்கள் ஆலை.
மணிக்கு ஒன்பதாயிரம் பெட்டி:
நாசி பிரியாணிக்கு, மீ கோரெங்குக்கு,
வரிசையில் நின்று தாப்பாவ் வாங்கும்
எல்லா அலுப்புக்கும்.

கறியை எழுபத்தைந்து டிகிரிக்குச் சுடவைத்து
பெட்டியில் ஊற்றி
அடியில் வெள்ளைத்தாள் விரித்து
நாற்பது நிமிடம் சும்மா இருப்பதற்கு
எனக்குச் சம்பளம்.
தாள் வெள்ளையாகவே இருந்தால் தேர்ச்சி.
மஞ்சளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பழைய பெட்டி நுரை.
என் கையில் அது ஒருமுறைகூடத் தோற்றதில்லை.
'நூறு வருஷமானாலும் அப்படியே இருக்கும்'
என்று விற்பனையில் பெருமையாகச் சொன்ன வாக்கியம்
போன வருடம் எங்கள் மீதே
குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது,
ஒரு சொல்லும் மாறாமல்.

பிறகு கரும்புச் சக்கை.
தாய்லாந்திலிருந்து மூட்டை மூட்டையாக.
சாறெல்லாம் யாரோ குடித்துவிட்டார்கள்,
மிச்சத்தில் சோறு கட்டலாம் என்றார்கள்.
சக்கைப்போடு போடும் என்று
தமிழில் எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன்.
அறையில் மொழிபெயர்க்க ஆளில்லை.

போடவில்லை.
பதினோராவது நிமிடம் பத்துக் காசு அளவு மஞ்சள்,
பிறகு ஒரு வெள்ளி அளவு.
முப்பத்தோராம் மாதிரியின் கறை
அச்சு அசலாக செமாக்காவ் தீவு.
அதை மட்டும் தூக்கிப்போட மனமில்லாமல்
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஒரு பூச்சு இருக்கிறது என்று வந்தார் ஒருவர்.
தடவினோம். ஒரு துளி இறங்கவில்லை.
கூட வந்த தாளின் கடைசிப் பக்கத்தில்
பூச்சில் என்ன இருக்கிறதென்று பொடி எழுத்தில்.
அதுவும் நூறு வருஷத்துக்கு அப்படியே இருக்கும் சாதி.
காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

வழி கண்டது மொஃபிசுல்.
ராஜ்ஷாஹிக்காரர், மூன்றாம் அச்சு அவருடையது.
எந்திரத்தின் மூச்சைக் கேட்டு
'அக்கா, சீக்கிரம் தொறக்குது' என்றார்
லிட்டில் இந்தியாவில் கற்ற தமிழில்.
அழுத்தத்தை இரண்டு நொடி நீட்டினார்.
சக்கை தன்னைத் தானே இறுக்கிக்கொண்டது.
இருபத்தொரு கிராம் பெட்டி
பதினேழு கிராமில் நின்றது.
அன்று தாள் வெள்ளை.
கறியை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

மூடியில் பச்சை இலை வரைந்து வந்தாள் வனெஸ்ஸா.
இலைக்குக் கீழே:
மண்ணுக்குத் திரும்பும்.

எந்த மண்ணுக்கு என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம், அது என் பிரிவு அல்ல.
கூட்ட அறை ஜன்னலில்
குப்பை எரிக்கும் ஆலையின் புகைபோக்கி
எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
நுரையும் அங்கேதான், சக்கையும் அங்கேதான்,
சாம்பல் படகேறிப் போவதும் ஒரே தீவுக்குத்தான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஏர்கான் மட்டும் பேசியது.

மேடம் குவெக் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'எது உண்மை?' என்றார்.
நாலு கிராம், என்றேன்.
மணிக்கு முப்பத்தாறு கிலோ குறைவாக எரியும்.
அவ்வளவுதான்.

இலை போயிற்று.
இப்போது மூடியில் '17 கிராம்' மட்டும்.
என்ன அது, சோற்றின் எடையா என்று
வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம்.

நேற்று ஜூ கூனில் ரயில் ஏறும் முன்
கோழிச்சோறு வாங்கினேன்.
தூக்குப்பாத்திரம் வழக்கம்போல் வீட்டில்.
கடைக்காரர் நீட்டியது எங்கள் பெட்டி.
மடியில் டிஷ்யூ விரித்து அதன் மேல் வைத்தேன்,
பூன் லே தாண்டியும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.
எதிரில் இருந்த பையன் இடம் மாறி உட்கார்ந்தான்.

சாப்பிட்டு முடித்து
குப்பைக் குழாயின் கதவைத் திறந்து போட்டேன்.
பதினொரு மாடி.
நாலு கிராம் குறைவாக விழுகிறதா என்று
தலையை உள்ளே நீட்டிக் கேட்டேன்.

சரியாகக் கேட்கவில்லை.
மேல் மாடியிலிருந்து
வேறு யாருடையதோ
கனமாக ஒன்று போயிற்று.